பல்செட்டும் உப்பில் பிறந்த கிருமிநாசினியும்

பல்செட்டின் வெளிப்பக்கம் பளபளவென்று மெருகேற்றப்படும். ஈறையும் மேலண்ணத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் உட்பக்கத்துக்கு அந்த மெருகு கிடையாது. வாயில் எடுத்த அச்சின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் அப்படியே பதிந்திருந்தால்தான் செட் வழுக்காமல் நிற்கும். ஆகவே பல் லேபில் அந்தப் பக்கத்தைத் தேய்ப்பதில்லை. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிகிற அந்தப் பரப்பு நுண்ணோக்கியில் குழியும் கீறலுமாக இருக்கும். செட்டில் குடியேறும் நுண்ணுயிர்களுக்கு முதல் இருப்பிடம் அதுவே.

இன்றைய பல்செட் பெரும்பாலும் அக்ரிலிக் எனப்படும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டால் ஆனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வழங்கிவந்த வல்கனைட் என்ற கடின ரப்பரை, 1937ஆம் ஆண்டு அறிமுகமான இந்தப் பொருள் சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டிவிட்டது. ஈறின் நிறத்தை அச்சு அசலாகத் தந்ததும், உடைந்தால் ஒட்டமுடிந்ததும் அதன் வெற்றிக்குக் காரணங்கள். தூளையும் திரவத்தையும் மாவாகப் பிசைந்து, பிளாஸ்டர் அச்சுக்குள் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் சுமார் 74 டிகிரி செல்சியஸில் எட்டு ஒன்பது மணி நேரம் வேகவைப்பது பழைய, நிதானமான முறை. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் கெடும்: திரவ மூலப்பொருள் ஏறத்தாழ 100 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தக் குமிழிகள் செட்டின் உள்ளே நுண்துளைகளாகத் தங்கிவிடும். வேகவைக்காமல் தானே இறுகும் அக்ரிலிக், உடைந்த செட்டை ஒட்டப் பயன்படுகிறது. அதில் துளைகள் இன்னும் அதிகம். நன்றாக வெந்த அக்ரிலிக்கும் மெல்ல மெல்ல நீரை உறிஞ்சும். மாட்டிய சில மாதங்களில் செட்டுக்கு ஒரு வாடை வருவதற்கு இந்த உறிஞ்சலும் ஒரு காரணம்.

செட்டை மாட்டிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அந்தப் படலத்தில் முதலில் ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள். பின்னால் வரும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை, அக்ரிலிக்கில் மட்டுமல்லாமல் இந்தப் பாக்டீரியாக்களின் மேலும் ஒட்டிக்கொள்ளும். கேண்டிடா உருண்டையான செல்லாக வந்து சேரும். இடம் வாய்த்தால் நூல்போன்ற இழைகளாக நீளும். இழைகள் பின்னி, சுற்றிலும் ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் எல்லாமாகச் சேர்ந்து வாழ்வதையே உயிர்ப்படலம் என்கிறார்கள். ஒரு மில்லிகிராம் படிவில் பத்துக் கோடி நுண்ணுயிர்கள் வரை இருக்கக்கூடும். தனித்து மிதக்கும் கேண்டிடாவை எளிதில் கொல்லும் மருந்து, இந்தப் பசைக்குள் இருக்கும் அதே கேண்டிடாவை அவ்வளவு எளிதில் தொடுவதில்லை. பல்செட்டைக் கிருமிநீக்கம் செய்வதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கும்.

கேண்டிடா கெட்ட பெயர் எடுத்த பூஞ்சை என்றாலும், நல்ல உடல்நிலையில் உள்ள பலரின் வாயிலும் அது தொல்லை இல்லாமல் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. செட் மாட்டிய வாயில் அதன் நிலை மாறுகிறது. மேல் செட்டுக்கு அடியில் உமிழ்நீர் ஓட வழியில்லை, உமிழ்நீரில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் அங்கே எட்டுவதில்லை, அமிலத்தன்மை கூடுகிறது. இதன் விளைவாக அண்ணம் சிவந்துபோவது பல்செட் அழற்சி. கீழ் செட்டின் அடியில் இது அரிது, ஏனென்றால் அங்கே உமிழ்நீர் தேங்கிப் புரண்டுகொண்டே இருக்கும். 1962இல் நியூட்டன் என்பவர் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார்: ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், செட்டின் பரப்பு முழுவதும் பரவிய சிவப்பு, அண்ணத்தின் நடுவில் சொரசொரப்பான சிறு முண்டுகள். இன்றும் அந்தப் பிரிவே வழக்கில் உள்ளது. செட் அணிவோரில் 15 முதல் 70 சதவீதத்துக்கும் மேல் வரை இந்த அழற்சி காணப்படுவதாக வெவ்வேறு ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. இவ்வளவு அகன்ற இடைவெளி, ஆராயப்பட்டவர்களின் வயதும் பழக்கமும் உடல்நிலையும் வேறுபடுவதால் வந்தது. பெரும்பாலோருக்கு வலி இருக்காது. பல் டாக்டர் செட்டைக் கழற்றச் சொல்லிப் பார்க்கும்போதுதான் சிவப்பு தெரியவரும். சிலருக்கு வாய் ஓரங்களில் புண் வெடிக்கும்.

நீரிழிவு, வாயை உலரவைக்கும் மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு ஆகியவை கேண்டிடாவுக்கு வசதி செய்து தருபவை. இந்தியாவில் வளர்ந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. பல் இழக்கும் வயதும் சர்க்கரை கூடும் வயதும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் செட் அணிந்த முதியவர்களிடம் இரண்டும் சேர்ந்திருப்பது புதுமையல்ல.

வாயோடு நிற்காத ஒரு கேடும் உண்டு. செட்டில் கேண்டிடாவோடு ஸ்டெஃபைலோகாக்கஸ், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் தங்குகின்றன. உறக்கத்தில் உமிழ்நீர் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது முதுமையில் சாதாரணம். 2015இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று, டோக்கியோவில் 85 வயது கடந்த 524 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இரவில் செட்டோடு உறங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இந்த ஒரு ஆய்வை வைத்துச் செட்டே நிமோனியாவுக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. இரவில் கழற்றாதவர்கள் பொதுவாகவே வாய்ச் சுத்தத்தில் பின்தங்கியவர்களாகவும் இருந்தார்கள். ஆனாலும் செலவில்லாத ஒரு செயலால், அதாவது கழற்றி வைப்பதால், இவ்வளவு வேறுபாடு தெரிவது கவனிக்கத்தக்கது.

தேய்ப்பது முதல் வேலை

ஊறவைக்கும் கரைசல் எதுவாக இருந்தாலும் அது வேலை செய்வதற்கு முன் படிவின் பெரும்பகுதி பிரஷ்ஷால் நீங்கியிருக்க வேண்டும். மென்மையான நாரும் சாதாரண சோப்பு நீரும் இதற்குப் போதும். பற்பசை வேண்டாம். இயற்கைப் பல்லின் எனாமலைக் கருதிப் பற்பசையில் சேர்க்கும் தேய்ப்புத் துகள்கள், எனாமலைவிடப் பலமடங்கு மென்மையான அக்ரிலிக்கைக் கீறிவிடும். பல்பொடி, கரித்தூள், சாம்பல், தூள் உப்பு ஆகியவை இன்னும் மோசம். கேண்டிடா செல் ஒன்றின் விட்டம் சுமார் 4 முதல் 6 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத கீறலும் அதற்கு வசதியான பள்ளம். இன்று வெள்ளையாக்குவதாகத் தேய்த்த தேய்ப்பு நாளை படிவு கூடுவதில் முடிகிறது. தேய்க்கும்போது கைதவறி விழுந்து உடைவதும் அடிக்கடி நடப்பது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதன்மேல் பிடித்துக்கொண்டு தேய்த்தால் விழுந்தாலும் உடையாது.

தூத்துக்குடி மாவட்டத்தின் ஆறுமுகநேரிப் பகுதியில் செட் அணிந்தவர்களுக்குத் தனியாக ஒரு கறை உண்டு. பக்கத்து ஊரான ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் அந்த வெற்றிலை இங்கே அன்றாடப் பொருள். பாக்கின் டானின் செட்டைச் செம்பழுப்பாக்கும். சுண்ணாம்பும் உமிழ்நீரின் கால்சியமும் சேர்ந்து கல்லாக இறுகும். இந்தக் கல் பிரஷ்ஷுக்கு அசையாது, குளோரினுக்கும் கரையாது. அதைக் கரைக்க அமிலம் தேவை. நீர் கலந்த வெள்ளை வினிகரில் ஊறவைத்தால் இளகிக் கொடுக்கும். முற்றிய கல்லைக் கத்தியால் சுரண்டாமல் பல் மருத்துவமனையில் கொடுத்து எடுப்பதே நல்லது. கல்லுக்கு அடியில் படிவு பாதுகாப்பாக இருப்பதால், கல்லை விட்டுவிட்டுச் செய்யும் கிருமிநீக்கம் பாதி வேலைதான்.

உப்பு செய்யாததும், உப்பிலிருந்து கிடைப்பதும்

செட்டை இரவில் உப்புத் தண்ணீரில் போட்டுவைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. உப்பு கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கை அதன் அடிப்படை. கருவாடும் ஊறுகாயும் கெடாமல் இருப்பதைப் பார்த்த அனுபவத்தில் வந்தது. ஆனால் அங்கே உப்பின் அளவு மிக அதிகம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டால் கிடைப்பது இரண்டு மூன்று சதவீதக் கரைசல். கேண்டிடா அதைப் பொருட்படுத்தாது. உப்பு செறிந்த நீரிலும் உயிர் உண்டு என்பதற்கு ஆறுமுகநேரியின் உப்பளங்களே சான்று: கோடையில் நீர் சுண்டச் சுண்டச் சில பாத்திகள் இளஞ்சிவப்பாக மாறுவது, உப்பில் மட்டுமே செழிக்கும் நுண்ணுயிர்களும் பாசிகளும் பெருகுவதால். உப்புத் தண்ணீரால் செட்டுக்குக் கெடுதல் இல்லை, கிருமிநீக்கமும் இல்லை.

அதே உப்பில் மின்சாரம் பாய்ச்சினால் கதை வேறு. உப்பு விளையும் இந்தக் கரையில், ஆறுமுகநேரியை ஒட்டிய சாகுபுரத்தில், தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனத்தின் காஸ்டிக் சோடா ஆலை 1950களின் இறுதியிலிருந்து இயங்கிவருகிறது. இத்தகைய ஆலைகளில் செறிந்த உப்பு நீரை மின்னாற்பகுக்கும்போது ஒரு முனையில் குளோரினும் மறுமுனையில் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் பிரிகின்றன. ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறத்தாழ 0.89 டன் குளோரின் கிடைத்தே தீரும்; ஒன்றை விட்டு ஒன்றைத் தயாரிக்க வழியில்லை. பிரிந்த குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் குளிர்ந்த, நீர்த்த நிலையில் மீண்டும் சேர்த்தால் உருவாவது சோடியம் ஹைப்போகுளோரைட். கடைகளில் துணி வெளுக்கவும் தரை துடைக்கவும் விற்கும் பிளீச்சிங் திரவத்தின் வேலைசெய்யும் பொருள் இதுவே. செட் ஊறவைக்கும் ஒரு டம்ளர் கரைசலுக்கு வேண்டிய ஹைப்போகுளோரைட்டில் செலவாகும் உப்பு இரண்டு கிராமுக்கும் குறைவு.

குளோரின் சேர்மங்களைக் கிருமிக்கு எதிராக முதலில் பயன்படுத்தியது பல் மருத்துவம் அல்ல. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களைக் குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். முதல் உலகப் போரின்போது ஹென்றி டேகின் என்ற வேதியியலர் 0.5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் படைவீரர்களின் சீழ்ப்புண்களைக் கழுவும் முறையை வகுத்தார். பல்செட் ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்பட்ட வீரியமும் அதே 0.5 சதவீதம்தான்.

ஹைப்போகுளோரைட்டின் சிறப்பு கொல்வதில் மட்டும் இல்லை. காரத்தன்மையுள்ள ஹைப்போகுளோரைட், உயிர்ப்படலத்தைப் பிணைத்திருக்கும் புரதப் பசையையே அறுத்துக் கரைக்கிறது. மற்ற பல கிருமிநாசினிகள் மேலடுக்கைக் கொன்றுவிட்டு நின்றுவிடும். செத்த அடுக்கு கீழே உள்ளவற்றுக்குக் கூரையாகிவிடும். ஹைப்போகுளோரைட் உள்ளே இறங்குவதால்தான் குறைந்த நேரத்தில் வேலை முடிகிறது. 2011இல் அமெரிக்க செயற்கைப்பல் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல், ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடத்துக்கு மேல் செட்டை வைக்கக் கூடாது என்கிறது. பிரேசிலில் 0.25 சதவீதக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பூஞ்சையின் எண்ணிக்கை குறைந்தது. வீரியத்தை ஏற்றியோ இரவு முழுதும் ஊறவிட்டோ கூடுதலாகக் கிடைக்கும் பயன் சொற்பம். ஈறின் இளஞ்சிவப்பு வெளுத்துப் போவது மட்டும் நிச்சயம்.

அளவைக் கணக்கிடுவது எளிது. பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 20 மில்லியை 180 மில்லி தண்ணீரில் கலந்தால் 200 மில்லி அளவுக்கு 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். மொத்தமாக விற்கும் 10 சதவீதச் சரக்கு என்றால் 10 மில்லி போதும். மணமும் சோப்பும் சேர்த்த வகைகள் இதற்கு ஏற்றவை அல்ல. உள்ளாட்சிகள் குடிநீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரும் அப்படியே. அதன் சுண்ணாம்பு செட்டில் வெள்ளையாகப் படியும். ஊறிய செட்டை ஓடும் நீரில் நன்றாகக் கழுவாமல் வாயில் வைக்கலாகாது. கலந்த கரைசலை மறுநாளுக்கு எடுத்துவைப்பதும் வீண்.

பாட்டிலில் அச்சிட்ட சதவீதத்தை அப்படியே நம்புவதிலும் ஒரு தடை இருக்கிறது. ஹைப்போகுளோரைட் தானாகவே சிதைந்து மீண்டும் உப்பாக மாறிக்கொண்டிருக்கும் பொருள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் சிதைவு சில மடங்கு வேகமாகும்; வெளிச்சமும் அதைத் துரிதப்படுத்தும். வெயில் காய்கிற தூத்துக்குடிக் கரையில், கடை வாசலில் வெளிச்சம் பட அடுக்கிவைத்த பாட்டிலில் ஆறு மாதம் கழித்து என்ன மிச்சமிருக்கும் என்பதைச் சொல்ல முடியாது. ஒளி புகாத பாட்டில், அண்மைய தயாரிப்புத் தேதி, நிழலான இடம் மூன்றும் பார்த்து வாங்க வேண்டியவை.

பெரிய ஆபத்து கலப்பில் உள்ளது. கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஹைப்போகுளோரைட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் மூச்சு திணறவைக்க அது போதும். வினிகரோடு சேர்ந்தாலும் இதே வினைதான். சுண்ணாம்புக் கல்லுக்கு வினிகரும் கிருமிக்கு ஹைப்போகுளோரைட்டும் பயன்படுத்துபவர், இரண்டுக்கும் நடுவே செட்டையும் கிண்ணத்தையும் நன்றாக அலசியாக வேண்டும்.

மற்ற வழிகள்

நீரில் போட்டதும் நுரைத்துக் கொதிப்பதுபோல் தெரியும் மாத்திரைகள் காரப் பெராக்சைடு வகை. கறையை நன்றாக நீக்கும், புதிதாக ஒட்டிய படிவைக் கலைக்கும். முற்றிய உயிர்ப்படலத்தின் முன் ஹைப்போகுளோரைட் அளவுக்கு எடுபடாது. உலோகத்துக்கும் நிறத்துக்கும் தீங்கு குறைவு என்பதால் பலருக்கு ஏற்றது. இவற்றில் உள்ள பெர்சல்ஃபேட் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இல் உறைகளில் எச்சரிக்கையைத் திருத்தச் சொன்னது. மாத்திரையை வாயில் போட்டுக் கொப்பளித்தவர்களும் உண்டு என்பது அந்த எச்சரிக்கைக்கான காரணங்களுள் ஒன்று.

குளோர்ஹெக்சிடின் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் எதிரானது. தொடர்ந்து பயன்படுத்தினால் செட் பழுப்பேறும். இதையும் ஹைப்போகுளோரைட்டோடு சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் பழுப்பு நிற வண்டல் படியும்.

கொதிநீர் வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. குழந்தையின் பால் பாட்டிலைக் கொதிக்கவைத்துப் பழகிய கை செட்டையும் கொதிக்கவைக்கிறது. அக்ரிலிக் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். உள்ளே உறைந்திருக்கும் இறுக்கம் தளர்ந்து செட் முறுக்கிக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் கோணினாலும் பிறகு அண்ணத்தில் ஒட்டாது. மைக்ரோவேவ் அடுப்பு வேறு வகை. 200 மில்லி நீரில் செட்டை மூழ்கவைத்து 650 வாட்டில் மூன்று நிமிடம் சூடேற்றினால் கேண்டிடா அழிவதாக ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தால் செட்டின் அளவு மாறுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. உலோகம் உள்ள செட்டை வைக்கவே கூடாது. சோறு சூடாக்கும் அடுப்பில் இதைச் செய்ய எத்தனை வீடுகள் சம்மதிக்கும் என்பது வேறு கேள்வி.

எது எல்லாவற்றிலும் சிறந்தது என்பதற்கு உறுதியான விடை இன்னும் இல்லை. 2009இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, கிடைத்த சில மருத்துவச் சோதனைகளை ஒப்பிட்டுவிட்டு, ஒரு முறை மற்றொன்றைவிட மேலானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. தேய்ப்பதும் ஊறவைப்பதும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிட நன்மை என்பதில் மட்டும் பெரிய மறுப்பில்லை.

சில செட்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். பகுதிப் பல்செட்டில் கோபால்ட்–குரோமியச் சட்டமும் கொக்கிகளும் இருந்தால் ஹைப்போகுளோரைட் உலோகத்தைக் கறுக்கச் செய்து அரிக்கும். அவற்றுக்குப் பெராக்சைடு மாத்திரையோ குளோர்ஹெக்சிடினோ பொருத்தம். ஈறு மெலிந்தவர்களுக்காக உட்பக்கத்தில் ஒட்டும் மென்மையான பூச்சு நுண்துளை மிக்கது. கேண்டிடா அதில் வேகமாக வளரும், கடுமையான கரைசலில் அந்தப் பூச்சும் சீக்கிரம் கெடும்.

அண்ணத்தில் அழற்சி வந்துவிட்டால் நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்து தரப்படுகிறது. மருந்தில் சிவப்பு மறையும். செட் அப்படியே இருந்தால் சில வாரங்களில் திரும்பும், ஏனென்றால் பூஞ்சையின் பெருங்கூட்டம் அண்ணத்தில் அல்ல, அக்ரிலிக்கில் இருக்கிறது. இந்த நிலையில் வாய்க்கு மருத்துவம், செட்டுக்குக் கிருமிநீக்கம், இரவில் கழற்றுவது மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். கழற்றிய செட்டை நீரில் வைப்பது பொது வழக்கம். அக்ரிலிக் உலர்ந்து சுருங்காமல் அது காக்கும். அந்த நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும், டப்பாவையும் செட்டைப் போலவே கழுவ வேண்டும். நாலு நாள் பழைய நீரில் வைத்த செட் காலையில் புதிய கிருமிகளோடு வாய்க்குத் திரும்பும். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு இதையெல்லாம் செய்வது மகளோ மருமகளோ செவிலியரோதான். அவர் செட்டைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுவது இருவருக்கும் பாதுகாப்பு.

மருத்துவமனைக்கும் பல் லேபுக்கும் இடையே செட் போய்வரும் வழியிலும் கிருமி பரவும். மெருகேற்ற உதவும் நுரைக்கல் தூளை நீரில் குழைத்துத் தட்டில் வைத்திருப்பார்கள். ஒருவர் செட்டில் பட்ட சக்கரம் அதே குழம்பில் மறுபடி தோயும், அடுத்தவர் செட்டையும் தொடும். பழுது பார்க்க வந்த பழைய செட்டிலிருந்து பாக்டீரியா புதிய செட்டுக்குக் கடக்க இது நேரான பாதை. குழம்பை நாள்தோறும் மாற்றுவது, அதில் கிருமிநாசினி கலப்பது, சக்கரத்தின் துணியைத் துவைத்து நீராவியில் சுத்திகரிப்பது, லேபுக்கு வரும்போதும் லேபிலிருந்து திரும்பும்போதும் ஒவ்வொரு செட்டையும் ஊறவைத்துக் கழுவுவது ஆகியவை இதைத் தடுக்கின்றன.

அக்ரிலிக்குக்கும் ஆயுள் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு கரைந்து ஈறு மாறும். செட் தளர்ந்து ஆடி, அண்ணத்தை உரசி, அழற்சியைக் கூட்டும். ஐந்தாறு ஆண்டுகளில் பெரும்பாலான செட்களை மாற்றவோ உட்பக்கத்தைப் புதுப்பிக்கவோ வேண்டியிருக்கிறது. நடுவில் விரிசல் விட்டு ஒட்டுப்போட்ட செட், கீறல் நிறைந்த செட், வாடை போகாத செட் ஆகியவற்றில் பிரஷ்ஷோ கரைசலோ எட்டாத ஆழத்தில் உயிர்ப்படலம் தங்கியிருக்கும். அவற்றுக்குக் கிருமிநீக்க முறை எதுவும் முழுப் பயன் தராது. புதிய செட் கட்டுவதே வழி.